பூச்சியும் பூசணமும்

கார்காலத்தில் வயல்வரப்புகளிலும் தோட்டங்களிலும் கூர்ந்து நோக்கிச் செல்வோர், இலையின் அடியில் அசைவற்று ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவையோ வெட்டுக்கிளியையோ ஒரோவழிக் காண்பர். தொட்டுப் பார்த்தால் அஃது உயிரற்றது என்பது விளங்கும். ஆயினும் அவ்வுடல் அழுகியிராது, நாற்றமும் வீசாது. உலர்ந்து விறைத்து, சுண்ணாம்பு பூசினாற்போல வெண்மையாகவோ, பச்சைப்பொடி தூவினாற்போலப் பசுமையாகவோ தோன்றும். அவ்வெண்மையும் பசுமையும் பூச்சியின் நிறம் அல்ல. பூச்சியைக் கொன்று, அதன் உடலையே விளைநிலமாக்கி விளைந்து நிற்கும் பூசணத்தின் நிறமாகும்.

பழஞ்சோற்றிலும் ஊறுகாய்ச் சாடியிலும் ஈரம்பட்ட செருப்பிலும் படரும் பூசணத்தை அறியாதார் இலர். மழைக்குப்பின் குப்பைமேட்டில் குடைவிரிக்கும் காளானும் அதன் இனத்ததே. பச்சையம் இல்லாமையால், இவை செடிகளைப்போல ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்ள மாட்டா. முற்காலத்து அறிஞர் இவற்றைச் செடியினத்தோடு சேர்த்து எண்ணினர். இக்காலத்து உயிர்நூலாரோ, செடி என்றும் கொள்ளாமல் விலங்கு என்றும் கொள்ளாமல் தனியோர் உலகமாக வகுத்துள்ளனர். பூசணங்களுள் பெரும்பாலான, இறந்தவற்றையும் உதிர்ந்தவற்றையும் உண்டு வாழ்வன. சிலவே உயிருள்ள பூச்சியைப் பற்றி வாழ்வன. அச்சிலவும் 700 வகைக்கு மேற்பட்டன.

பிறிதோர் உயிரின் உடலில் தங்கி, அதனையே உண்டு வாழும் உயிரை ஒட்டுண்ணி என்பர். இடமும் உணவுமாக அமையும் உயிரை ஓம்புயிர் என்பர். விருந்தோம்பும் இல்லறத்தான் மனமுவந்து இடம் அளிக்கின்றான். இவ்வோம்புயிரோ உவந்து அளிப்பதன்று. சொல் இனியது, அச்சொல் குறிக்கும் வாழ்வு கொடியது.

பூச்சியைப் பற்றும் பூசணம் ஒன்றே, நோய்களின் காரணத்தைப் பற்றி மக்கள் நெடுங்காலமாகக் கொண்டிருந்த எண்ணத்தை முதன்முதல் அசைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இத்தாலியில் பட்டுத்தொழில் சிறந்து விளங்கிற்று. உழவர் பலர் தம் இல்லங்களிலேயே முசுக்கட்டை இலையிட்டுப் பட்டுப்புழுக்களை வளர்த்தனர். இலை பறித்தல், நறுக்குதல், வேளை தவறாது உணவிடுதல், தட்டுகளைத் துப்புரவு செய்தல் என வீட்டார் அனைவர்க்கும் வேலை இருந்தது. புழு நான்கு முறை தோலுரித்து முதிர்ந்து கூடு கட்டும். உழைப்பெல்லாம் பயன்தரும் அந்நேரத்தை எதிர்நோக்கியிருக்கும்போது ஒரு நோய் தோன்றும். புழுக்கள் உணவை வெறுத்து, இயக்கம் தளர்ந்து, இறந்து விறைக்கும். பின்னர் அவற்றின்மேல் வெண்பொடி பூக்கும். சுண்ணாம்புக் கட்டியைப் போன்று ஆகிவிடுதலின் தமிழில் இதனைச் சுண்ணக்கட்டு நோய் என்பர்; இத்தாலியரும் சுண்ணாம்பின் பெயராலேயே இதனை வழங்கினர். நோய் புகுந்த வீட்டில் அவ்வாண்டு பட்டு இல்லை.

இந்நோய்க்குக் காரணம் யாது? காற்றின் கேடு என்றனர் சிலர். இலையின் குற்றம் என்றனர் சிலர். புழுவின் உடலிலேயே தானாகத் தோன்றுவது என்றனர் பலர். இவ்வினாவைக் கையில் எடுத்தவர் அகொஸ்தினோ பாஸி என்பவர். இவர் 1773ஆம் ஆண்டில் லோதி நகரை அடுத்த மைராகோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பவியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று அரசுப்பணியில் அமர்ந்தார். கண்ணொளி குன்றியமையால் அப்பணியினின்று விலகினார். கண் மங்கிய ஒருவர், கண்ணுக்குப் புலனாகாத உயிரைத் தேடப் புகுந்தது வியப்பன்றோ?

1807ஆம் ஆண்டில் பாஸி தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நோய் தானே தோன்றுவதாயின், அது தோன்றுதற்குரிய நிலையை உண்டாக்கி நோயை வருவித்துக் காட்டலாம் என்பது அவர் முதலிற் கொண்ட கருத்து. புழுக்களுக்குப் பலவகை நஞ்சுகளை ஊட்டினார்; அமிலங்களையும் காரங்களையும் தடவினார்; தீய ஆவிகளில் வைத்தார். புழுக்கள் இறந்தன, ஆயினும் ஒரு புழுவிலிருந்து மற்றொரு புழுவுக்குத் தாவும் அந்நோய் மட்டும் தோன்றவில்லை. ஆண்டுகள் கழிந்தன. அவர் மனம் தளர்ந்து சோர்ந்த காலமும் உண்டு.

பின்னர் அவர் வினாவையே மாற்றிக்கொண்டார். நோய் எவ்வாறு உள்ளே தோன்றுகிறது என வினவுவதை விடுத்து, வெளியேயிருந்து எவ்வாறு வருகிறது என வினவினார். இறந்த புழுவின்மேற் பூத்த வெண்பொடியில் சிறிது எடுத்து, ஊசிமுனையால் நலமுள்ள புழுவின் உடலிற் செலுத்தினார். சில நாளில் அப்புழு இறந்தது, விறைத்தது, வெண்பொடி பூத்தது. அப்பொடி மீண்டும் மற்றொரு புழுவைக் கொன்றது. புழு இறந்தபின் அதன்மேல் வெண்மை பூத்த பிறகே நோய் பிறவற்றுக்குத் தாவுகிறது என்பதையும் அவர் கண்டறிந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அப்பொடி நுண்ணிய பூசணமாகத் தோன்றிற்று. நஞ்சன்று, காற்றின் கேடன்று. உயிருள்ள ஒன்று மற்றோர் உயிரை உண்டு பெருகுகின்றது என்பது தெளிவாயிற்று.

1834ஆம் ஆண்டில் பவியா பல்கலைக்கழகத்து அறிஞர் குழுவின்முன் பாஸி தம் சோதனைகளைச் செய்து காட்டினார். மறு ஆண்டில் அவரது நூல் வெளிவந்தது. நோய் கண்ட புழுக்களை அகற்றுதல், கருவிகளைக் கொதிநீரில் இடுதல், காரநீரால் வளர்ப்பறையைத் தூய்மை செய்தல் முதலிய காப்புமுறைகளையும் அதில் எழுதினார். அவ்வாண்டிலேயே பால்சாமோ கிரிவெல்லி என்னும் செடிநூலறிஞர் அப்பூசணத்திற்குப் பாஸியின் பெயரை இட்டார். இன்று பிவேரியா பாஸியானா என வழங்கும் அதன் பெயரில் அவர் பெயர் நிலைபெற்றுள்ளது.

இக்கண்டுபிடிப்பின் சிறப்பை அறிய ஆண்டுகளை ஒப்பிட்டு நோக்கல் வேண்டும். லூயி பாஸ்டியர் பட்டுப்புழுவின் வேறொரு நோயை ஆராயப் புகுந்தது 1865ஆம் ஆண்டில். ராபர்ட் காக் கால்நடைகளின் அடைப்பான் நோய்க்குரிய கிருமியை மெய்ப்பித்தது 1876ஆம் ஆண்டில். அவற்றுக்கெல்லாம் முன்னரே, நுண்ணுயிர் ஒன்று விலங்கினத்திற்கு நோய் தரும் என்பது ஒரு பட்டுப்புழுவின் உடலில் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. பாஸியின் நூலைக் கற்ற ஷோன்லைன் என்னும் செருமானிய மருத்துவர், மனிதரின் தலைத்தோல் நோய் ஒன்றிலும் பூசணம் இருத்தலை 1839ஆம் ஆண்டிற் கண்டார். பாஸ்டியரின் பெயரைச் சிறுவரும் அறிவர். பாஸியின் பெயரைக் கற்றாருள்ளும் அறிவார் சிலரே. இது முறையாகாது.

ஊசி கொண்டு செலுத்துவார் இல்லாதவிடத்தும் இப்பூசணம் பூச்சியினுள் புகும். அது புகும் வழி தனித்தன்மை உடையது. பாக்டீரியாக்களும் வைரசுகளும் பெரும்பாலும் உணவோடு கலந்து பூச்சியின் வயிற்றுள் புகுவன. ஆதலின் செடியின் உட்சாற்றை உறிஞ்சி வாழும் அசுவினி போன்ற பூச்சிகள், இலைமேற் கிடக்கும் அக்கிருமிகளுக்குப் பெரிதும் தப்பிவிடுகின்றன. பூசணத்திற்கோ வாயில் வேண்டுவதில்லை. அது மதிலையே துளைத்துச் செல்லும்.

பூசணத்தின் வித்துக்கள் கண்ணுக்குப் புலப்படாத் துகள்கள். காற்றிலோ மழைத்துளியிலோ மண்ணிலோ வந்து பூச்சியின் தோலில் ஒட்டிக்கொள்கின்றன. ஈரம் போதிய அளவு இருப்பின் வித்து முளைக்கும். சிறு முளைக்குழல் தோலின்மேல் ஊர்ந்து, தக்க இடம் கண்டு, நுனி பருத்து அழுந்தப் பற்றிக்கொள்ளும். பூச்சியின் தோல் எளியதன்று. கைட்டின் என்னும் உறுதியான பொருளும் புரதமும் மெழுகும் கலந்து அமைந்த கவசம் அது. பூசணம் அக்கவசத்தைக் கரைக்கவல்ல நொதிகளைச் சுரந்து இளக்குகின்றது. இளகிய இடத்தில் ஆணி இறக்குவதுபோல் அழுத்தி உட்புகுகின்றது. உட்புகுந்தபின் இழை உருவத்தை விட்டுச் சிறுசிறு துண்டங்களாகப் பிரிந்து, பூச்சியின் குருதியில் மிதந்து பெருகுகின்றது. குருதியிலுள்ள உணவைக் கவர்கின்றது. சிலவகை நஞ்சுகளையும் சுரக்கின்றது. சில நாட்களில் பூச்சி இறக்கும்.

இறந்தபின் நடப்பது இன்னும் வியப்பைத் தரும். இறந்த உடலை அழுகச்செய்யப் பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. பூசணம் அவற்றைத் தடுக்கும் பொருள்களைச் சுரந்து, தான் வென்ற உடலைத் தனக்கே உரியதாக்கிக்கொள்கிறது. ஆதலினாலேயே அவ்வுடல் அழுகுவதில்லை. உள்ளே இழைகள் நிரம்பி உடலை விறைப்பாக்குகின்றன. காற்றில் ஈரம் மிகும்போது அவ்விழைகள் தோலைத் துளைத்து வெளிவந்து வித்துக்களைத் தாங்கி நிற்கின்றன. வறட்சியாயின் உள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. கார்காலத்திலும் குளிர்காலத்திலும் இந்நோய் மிகுவதன் காரணம் இதுவே.

இவ்வளவு வலிய பகைவனுக்கு முன் பூச்சி கைகட்டி நிற்பதில்லை. தோலுரிக்கும் பருவத்துப் புழுவின்மேல் வித்து விழுமாயின், அது துளைத்து முடிக்குமுன் புழு பழந்தோலைக் கழற்றி வித்தையும் உடன் எறிந்துவிடுதல் உண்டு. உட்புகுந்த பூசணத்தைக் குருதியணுக்கள் சூழ்ந்து, கருநிறப் பொருளால் மூடிச் சிறைவைக்க முயலும். சில பூசணங்கள் தம்மேல் மெல்லியதொரு போர்வையைப் போர்த்துக்கொண்டு அக்காவலரை ஏமாற்றிவிடும். நோயுற்ற வெட்டுக்கிளி வெயிலில் நெடுநேரம் காய்ந்து, தன் உடல் வெப்பத்தை ஏறத்தாழ 40 பாகை செல்சியசு வரை உயர்த்திக்கொள்ளும். அவ்வெப்பத்தில் பூசணம் வளர மாட்டாது. மனிதர்க்குக் காய்ச்சல் தானே வருகிறது. வெட்டுக்கிளி அதனை வெயிலிலிருந்து தேடிப் பெறுகின்றது.

கூடிவாழும் எறும்பும் கறையானும் மேற்கொள்ளும் காப்பு இவற்றினும் சிறந்தது. நெருங்கி வாழும் ஊரில் நோய் விரைந்து பரவும் அன்றோ? வித்துப் படிந்த எறும்பை மற்றை எறும்புகள் நக்கித் தூய்மை செய்கின்றன. எறும்பினங்கள் சில, தம் உடலிற் சுரக்கும் ஃபார்மிக் அமிலத்தை அவ்விடத்தில் தடவி வித்துக்களை அழிக்கின்றன. ஐரோப்பாவில் வாழும் எறும்பினம் ஒன்றைப் பற்றி 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி குறிப்பிடத்தக்கது. கூட்டுப்புழு நிலையிலுள்ள தம் இளையவற்றுள் ஒன்று நோயுறின், வேலைக்கார எறும்புகள் அதன் மாறிய மணத்தாலேயே அதனை அறிந்து, கூட்டினின்று வெளியே இழுத்து, தோலைக் கடித்துத் துளைத்து அமிலத்தைச் செலுத்திக் கொன்றுவிடுகின்றன. பூசணம் வித்து ஈனுமுன் இது நிகழ்ந்துவிடும். ஒன்றை இழந்து ஊரைக் காக்கின்றன. தொல்காப்பியர் சிதலையும் எறும்பையும் மூவறிவுயிர்களாக வகுத்தார். அம்மூன்றாம் அறிவு மூக்கறிவாகும். அவ்வறிவே இங்கு அவற்றின் காவலாக நிற்கின்றது.

பூசணம் எல்லாம் எல்லாப் பூச்சிகளையும் பற்றுவன அல்ல. பாஸி கண்ட வெண்பூசணம் ஒருவகை. அதற்கு வீடுகள் பல. வண்டு, புழு, ஈ, அசுவினி, எறும்பு என நூற்றுக்கணக்கான பூச்சி வகைகளில் அது வாழும். பூச்சி கிடையாதபோது மண்ணிலும் செடியினுள்ளும் காலங்கழிக்கும். இதற்கு நேர்மாறாக, ஒரே ஓம்புயிரை நம்பி வாழும் பூசணங்களும் உள்ளன. அவற்றின் வாழ்வு மிக நுட்பமானது. ஓர் இனத்தோடு நெடுங்காலம் பிணைந்து வாழ்ந்தமையால், அவ்வினத்தின் நடையையும் இயல்பையும் தம் வயமாக்கிக்கொள்ளும் ஆற்றலைப் பெற்றுள்ளன.

வெப்பமண்டலக் காடுகளில் மர எறும்புகளைப் பற்றும் ஒஃபியோகார்டிசெப்சு என்னும் பூசணம் இதற்குத் தக்க சான்று. தாய்லாந்துக் காடுகளில் இதனை ஆராய்ந்துள்ளனர். அங்கு அவ்வெறும்புகள் மரங்களின் உச்சியில் கூடுகட்டி வாழ்வன. நோயுற்ற எறும்பு தன் வழியினின்று பிறழ்ந்து, தடுமாறித் தரையை நோக்கி வருகின்றது. தரையிலிருந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரத்தில், ஓர் இலையின் அடிப்புறத்தை அடைந்து, அதன் நரம்பைக் கடித்தபடியே இறக்கின்றது. தாடைகள் பூட்டியதுபோல இறுகிவிடுதலின் இறந்த பின்னும் உடல் கீழே விழுவதில்லை. சில நாளில் எறும்பின் பிடரியிலிருந்து ஒரு தண்டு நீண்டு, வித்துக்களைக் கீழே சொரிகின்றது. அவ்வழியே செல்லும் எறும்புகள் நோயுறுகின்றன. அவ்வுயரத்தில் உள்ள குளிர்ச்சியும் ஈரமுமே பூசணத்திற்கு ஏற்றவை. இறந்த எறும்புகளை எடுத்து மர உச்சியில் வைத்துப் பார்த்தபோது, பூசணம் செவ்வனே வளரவில்லை.

எறும்பைத் தன் விருப்பின்படி நடத்தும் பூசணம் அதன் மூளையுட் புகுந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். 2017ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இதனை மறுத்தது. பூசணம் தசைகளைச் சூழ்ந்து வலைபோற் பின்னியிருந்ததேயன்றி, மூளையுட் புகவில்லை. மூளையை விட்டு வைத்தே எறும்பை எங்ஙனம் ஆள்கிறது என்பது இன்றும் ஆராயப்படும் பொருளாகும். இப்பிணைப்பு நேற்றுத் தோன்றியதும் அன்று. செருமனியில் மெசல் என்னுமிடத்துக் கிடைத்த இலைப் புதைபடிவம் ஒன்றில் இத்தகைய எறும்புக்கடியின் வடுக்கள் காணப்பட்டன. அதன் வயது ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் ஆண்டு. இத்துணைக் காலமாகியும் எறும்பினம் அழிந்துவிடவில்லை. ஓம்புயிர் முற்றும் அழியின், அதனையே நம்பிய பூசணமும் அழியும். இப்பூசணத்தின்மேலேயே படர்ந்து அதனை வித்து ஈனாமற் செய்யும் பிறிதொரு பூசணமும் அக்காட்டில் உண்டு. பற்றுவதையும் பற்றுவது ஒன்று இருக்கின்றது.

இமயமலையின் உயர்ந்த புல்வெளிகளில் மண்ணுள் வாழும் புழுவொன்றைப் பற்றும் பூசணம், இளவேனிலில் புழுவின் தலையிலிருந்து புல்போல் முளைத்தெழும். திபெத்தியர் இதனைக் குளிரில் புழு, கோடையில் புல் எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். மருந்துப்பொருளாகப் பெருவிலை பெறுதலின், மலைவாழ் மக்கள் பனி உருகியதும் இதனைத் தேடிச் செல்கின்றனர்.

பூச்சியைக் கொல்லும் பூசணத்தைப் பயிர்க்காவலுக்குப் பயன்படுத்தலாகாதோ என்னும் எண்ணம் விரைவிலேயே எழுந்தது. கருங்கடற்கரையில் உள்ள ஒடெஸா நகர்ப்புறத்தில் ஒருவகை வண்டு கோதுமையை அழித்துவந்தது. 1879ஆம் ஆண்டில் மெச்னிகாஃப் என்னும் அறிஞர், அவ்வண்டின் புழுக்களைப் பசும்பொடி பூக்கும் பூசணம் ஒன்று கொல்வதைக் கண்டு, அதனை வளர்த்து நிலத்தில் இடலாம் என்றார். குருதியின் வெள்ளணுக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காகப் பின்னாளில், 1908இல், நோபெல் பரிசு பெற்றவரும் இவரே. அவர் கண்ட பூசணத்தின் இனத்தை மெட்டாரைசியம் என்பர். தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கு இது நல்ல மாற்றாகும். அவ்வண்டின் புழுக்கள் எருக்குழிகளில் வளர்வன. ஆதலின் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இப்பூசணத்தை வளர்த்து எருக்குழியில் இடும் முறை உள்ளது. மரமேறி வண்டைத் தேடுவதினும், அது பிறக்கும் இடத்திலேயே அதனை எதிர்ப்பது எளிதன்றோ?

பாஸியின் வெண்பூசணமும் இன்று பொடியாகவும் நீர்மமாகவும் உழவர்க்கு விற்கப்படுகின்றது. இதனால் ஓர் இடர் உண்டு. கத்தரிக்கும் காய்கறிக்கும் பகையான பூச்சியைக் கொல்லும் பூசணம், பட்டுப்புழுவைக் கண்டு விலகிச் செல்லாது. கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு, கோயம்புத்தூர் முதலிய மாவட்டங்களில், ஒருவர் காய்கறித் தோட்டத்தை அடுத்து மற்றொருவர் முசுக்கட்டைத் தோட்டம் இருத்தல் கூடும். முன்னவர் தம் பயிரைக் காக்கத் தெளிக்கும் வித்துக்கள் காற்றில் மிதந்து முசுக்கட்டை இலையிற் படியின், பின்னவர் வளர்ப்புத் தட்டுக்கு அவை இலையோடு வந்துசேரும். ஆதலின், பட்டு வளர்க்கும் பகுதிகளில் இப்பூசணத்தைத் தெளித்தலைத் தவிர்க்க வேண்டும் என வேளாண் அறிஞர் கூறுகின்றனர். ஓர் உழவர்க்கு நண்பனாவது அண்டையிலுள்ள மற்றோர் உழவர்க்குப் பகையாதல் இதன் இயல்பு.

பட்டு வளர்ப்போர் மழைநாளிலும் குளிர்நாளிலும் மிக்க விழிப்போடு இருக்கின்றனர். தட்டில் ஈரம் மிகாதபடி காற்றோட்டம் அமைக்கின்றனர். புழுக்கள் தோலுரிக்க அடங்கும் வேளையில் சுண்ணாம்புத் தூளைத் தூவிப் படுக்கையை உலர்த்துகின்றனர். ஒரு வளர்ப்பு முடிந்து மறுவளர்ப்பு தொடங்குமுன் அறையையும் தட்டுகளையும் சலவைத்தூள் கரைத்த நீரால் கழுவுகின்றனர். நாள்தோறும் தட்டுகளை நோக்கி, உணவு கொள்ளாது கிடக்கும் புழுவையும் இறந்து விறைக்கத் தொடங்கிய புழுவையும், அதன்மேல் வெண்மை பூக்குமுன்னரே, குச்சியால் எடுத்துச் சுண்ணாம்பும் சலவைத்தூளும் கலந்த கலத்தில் இட்டு, பின்னர் எரித்தோ ஆழப் புதைத்தோ விடுகின்றனர்.